கடலில் விட்ட படக்கதை

வீடு கட்டத்தான் உம்மா சவூதிக்குப் போனார். எங்கள் ஊர்ப்பக்கத்தில் பெண்பிள்ளைக்கென்று ஒரு கல்வீடு இருக்க வேண்டும். மாப்பிள்ளை அதற்குள் வந்து குடியிருப்பான். வாப்பா மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டதால் அந்த வேலை உம்மாவின் தலையில் விழுந்தது. வீட்டுக்கு உரிமைக்காரியான எனக்கு அப்போது எட்டு வயது. உம்மா அனுப்பிய காசில் சுவர் எழும்புமுன்பே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வந்துவிட்டது. வாங்கியவர் சாச்சி, உம்மாவின் தங்கை, என்னை வளர்த்துக்கொண்டிருந்தவர். குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் பெட்டிக்கு முன்னால் கிடையாகக் கிடந்தவள் நான்தான்.

பின்னேரங்களில் அதில் ஒரு கார்ட்டூன் தொடர் போகும். சிறகு முளைத்த ஓநாயில் ஏறிப் பறக்கும் ஒரு பையன், அவனைத் துரத்தும் சூனியக்காரி. எல்லோரும் சிங்களத்தில் கதைப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கும் சிங்களம் தெரியாது. ஆனாலும் கதை விளங்காத பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஒருநாள் ஓநாய் சிறகு முறிந்து பனிக்குகைக்குள் விழுந்தது. அந்த இடத்தில் பாட்டைப் போட்டுத் தொடரையே முடித்துவிட்டார்கள். உம்மாவுக்குக் குரல் பதிந்து அனுப்பும் கசட்டில், சுகம் விசாரிக்க மறந்து, ஓநாய் செத்துப்போனதா இல்லையா என்று கேட்டு அழுதேன்.

லீவில் வந்த ஊர்ப் பெண்ணொருவரிடம் உம்மா ஒரு பார்சல் கொடுத்தனுப்பினார். சவர்க்காரம், போர்வை, அடியில் மூன்று தடித்த படக்கதைப் புத்தகங்கள். முதல் அட்டையில் அதே ஓநாய், அதே குகை. தொலைக்காட்சி விட்ட இடத்திலிருந்து கதையைப் புத்தகமாகத் தொடர்ந்திருக்கிறார்கள்! உம்மா வேலைசெய்த வீட்டுப் பையன் தனக்கு வேண்டாமென்று தந்தவையாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் எழுத்தெல்லாம் அறபு. மேலும் கீழும் குறி போட்ட அறபென்றால் எனக்கு ஓத வரும், பொருள் தெரியாது. இதில் அந்தக் குறியும் இல்லை. சிங்களத்தையே படம் பார்த்து விளங்கிக்கொண்டவளுக்கு இது என்ன பெரிய காரியம் என்று பாயில் குப்புறப் படுத்துப் புரட்டத் தொடங்கினேன். சாச்சி ஓடிவந்தார்.

"பாயிலயா வெச்சிருக்காய்? ஓதுற கிதாபு புள்ள இது! கைகால் கழுவி ஒளு எடுத்தியா?"

புத்தகங்களைப் பறித்துக் கண்ணில் ஒற்றி, அலுமாரிக்கு மேலே குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்தார். சில நாட்கள் அவை அங்கே மரியாதையோடு இருந்தன. பிறகு தூசு தட்டும்போது, முக்காடில்லாமல் தலைவிரி கோலமாகப் பறக்கும் சூனியக்காரி அவர் கண்ணில் பட்டுவிட்டாள். படம் இருக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குகள் வரமாட்டார்கள். அறபெழுத்தை எரிக்கவும் மனம் வராது, குப்பையில் போடவும் மனம் வராது. ஓதித்தருகிற லெவ்வையிடம் கேட்டிருந்தால், சிரித்துவிட்டுப் பிள்ளையிடம் கொடு என்றிருப்பார். கேட்கப்போனால் குர்ஆனுக்குப் பக்கத்தில் சூனியக்காரியை வைத்திருந்த கதையும் வெளியில் வரும். சாச்சி கேட்கவில்லை. கிழிந்த குர்ஆன் தாள்களுக்குச் செய்வதுபோல, வெள்ளைத் துணியில் பொதிந்து, கல் கட்டி, நபியின் பேரில் சலவாத்துச் சொல்லித் தன் புருசனின் தோணியில் அனுப்பிவைத்தார். சாச்சா நடுக்கடலில் விட்டுவிட்டு வந்தார். முதல் புத்தகத்தில் பாதிகூட நான் பார்த்திருக்கவில்லை. மணலில் புரண்டு அழுதேன்.

அடுத்த கசட்டில் உம்மா சுகம் விசாரிக்காமலே தொடங்கினார்.

"தங்கச்சி, அந்தப் புத்தகங்கள உடன வாற ஆளிட்டக் குடுத்தனுப்பு. புள்ள இப்ப தேடி அழுவுறான். அவன்தான் தந்தவன், இப்ப தரல்ல எண்டுறான். வீட்டுக்காரி என்னக் கள்ளி எண்டுறா. மூணும் வேணும், மறந்துடாத."

சாச்சி கசட்டைச் சுற்றி மறுபடி போட்டுக் கேட்டார். பிறகு சாச்சாவிடம் திரும்பினார்.

"எந்த இடத்தில போட்டீங்க?"

"கடலுக்கு இடமிருக்கா?" என்றார் சாச்சா.

பெருநாளுக்கு முன்பே உம்மா ஒற்றைக் கைப்பையோடு வந்து இறங்கினார். களவுப் பேர் கேட்டு வந்தவரைத் திரும்பச் சவூதிக்கு அனுப்ப ஏஜென்சிக்காரன் சம்மதிக்கவில்லை. கல்வீடு ஜன்னல் மட்டத்தோடு நின்றது. சாச்சி காலைப் பிடிக்காத குறையாக அழுதார். "கிதாபெண்டு நினைச்சிட்டாய், என்ன செய்ற" என்றதோடு உம்மா விட்டுவிட்டார். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. யாராவது ஒருவர் கத்தித் தீர்த்திருக்கலாம்.

எனக்கோ கொண்டாட்டம். உம்மாவும் வந்தாயிற்று, கதையும் வந்தாயிற்று. அந்தச் சவூதி வீட்டுப் பையன் நித்திரையாகும்வரை உம்மாவைப் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்டுவானாம். கேட்டுக் கேட்டு அறபும் பிடிபட்டு, மூன்று புத்தகமும் அவருக்கு மனப்பாடம். வந்த மறுநாளே, கட்டி முடிக்காத சுவர் நிழலில் இருந்து, குரல் மாற்றி மாற்றி எனக்குச் சொன்னார். ஓநாய் சாகவில்லை. குகைக்குள் அதற்குத் தடிமன் பிடித்துவிட்டது. அது தும்ம, மேலேயிருந்த பனியெல்லாம் சூனியக்காரியின் தலையில் கொட்டுகிறது. உம்மா ஓநாயைப் போலவே தும்மிக் காட்டினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால், உம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார்.

"உம்மா, இது சிரிக்கிற இடம்" என்று அவரைத் திருத்தினேன்.

"ஓம் மகள்" என்றவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் தும்மிக் காட்டினார்.