வெறுங்காலில் ஒரு விளையாட்டு

துறைமுகத்தை ஒட்டிய எங்கள் களஞ்சியத்தின் காவலாளி ஐம்பதைக் கடந்தவர். காவல் சட்டைக்குள் அடங்காத தோள்கள், வெயிலில் கறுத்த முகம். சும்மா இருக்கும் நேரமெல்லாம் போனில் வயல் செய்யும் விளையாட்டு விளையாடுவார். சிறுபிள்ளைகளுக்கானது. விதைத்தால் முளைக்கும், விரலால் தொட்டால் கதிர் அறுபடும்.

அதில் அறுவடை வந்துவிட்டால் மட்டும் குனிந்து காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றிவிடுவார். நெல் சூடடிக்கும் களத்தில் யாரும் செருப்போடு மிதிக்காத கிளிவெட்டிப் பக்கம் அவருடைய ஊர். எனக்குச் சிரிப்பு வரும். அவர் சிரிப்பதில்லை.

ஒருநாள் காலை அவருடைய ஊர்க்காரர்கள் வாடகைக்குப் பிடித்த வான் ஒன்றில் வந்தார்கள். அவருடையதையும் சேர்த்து அவர்களுடைய வயல்களில், அரசாங்கக் காணி என்று அதிகாரிகள் எல்லைக்கல் நட்டிருந்தார்கள். அன்று மாவட்ட அலுவலகமான கச்சேரியில் விசாரணை. காணிக்காரர் எல்லோரும் நேரில் வரவேண்டுமாம்.

"எனக்கு ஏலாது, டியூட்டி," என்று அவர்களை அனுப்பிவிட்டார்.

"வாசலை நான் பாக்கிறன். நீங்கள் போங்கோ அண்ணன்," என்றேன்.

"எத்தினை தரம் போயிட்டன் தம்பி. பிறகு வா எண்டுதான் சொல்லுவாங்கள். கல்லு அப்பிடியே நிக்கும்." போனைக் காட்டினார். "இதில நான் விதைச்சதை நான்தான் வெட்டுறன்."

"இது விளையாட்டெல்லோ அண்ணன்?"

"ஓம். அதாலதான் விட்டு வைச்சிருக்கிறாங்கள்."

சப்பாத்தைக் கழற்றி, வெறுங்காலைச் சீமெந்துத் தரையில் ஊன்றி, வெட்டத் தொடங்கினார். வான் போன திசையை நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.