மக்டலீன் மச்சாள் அவிழ்த்த கயிறு

எங்கடை மக்டலீன் மச்சாளைப் பற்றிக் கேட்டால் குருநகரிலை பாதிப்பேர் "வாய்க்காரி" எண்டுதான் சொல்லுவினம். சொல்லட்டும்! அந்த வாய் இல்லையெண்டால் எங்கடை கடலிலை ஒரு கடற்பன்றி மிஞ்சியிராது.

என்ரை அண்ணை இன்னாசித்தம்பியின்ரை பெண்சாதி அவ. மீன் கடகத்தைத் தலையிலை வைச்சுக் கோப்பாய் வரைக்கும் நடந்து போய் விக்கிற மனுசி.

முப்பத்தாறாம் ஆண்டு, உயிர்ப்புத் திருநாளான பாஸ்குக்கு முந்தின தபசு காலத்து வெள்ளிக்கிழமை. அண்ணையின்ரை வலையிலை ஒரு பெரிய கடற்பன்றி பட்டுது. பாவம், கடற்பசு எண்டும் சொல்லுவினம், கடற்புல்லு மேயுற சாதுவான சீவன். வாலிலை கயிறு போட்டு, இடுப்பளவு தண்ணியிலை தோணியோடை கட்டி விட்டிருந்தவை. கரையெல்லாம் சட்டியோடை சனம், நானும் நிண்டன். வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம், இறைச்சி தொடப்படாது, மீன் தின்னலாம். கடற்பன்றியின்ரை தசை அசல் இறைச்சிதான். ஆனால் கடலிலை பிடிபட்டதெல்லாம் மீன் எண்டு எங்கடை சனம் தங்களுக்குள்ளை தீர்த்து வைச்சிருந்துது. நல்ல கெட்டித்தனம்! தபசும் குழம்பாது, நாக்கும் வாடாது.

அப்பத்தான் மச்சாள் வந்தா. கொஞ்சம் தள்ளி ஒரு குட்டி தலையைத் தூக்கிறதும் தாழுறதுமாய்ச் சுத்திக்கொண்டு நிண்டதைக் கண்டா. சீலையை வரிஞ்சு கட்டிக்கொண்டு கடலுக்கை இறங்கி, தாயின்ரை முன்செட்டைக்குக் கீழை கையை வைச்சு அமத்தினா. கை வெள்ளையாய் வந்துது.

"இஞ்சை பாருங்கோ, பால்! எந்த மீன் பால் குடுக்கும்? இண்டைக்கு இந்த இறைச்சியைத் தின்னுற ஆள் முன்னுக்கு வாங்கோ பாப்பம்!"

சனம் சட்டியளை முதுகுக்குப் பின்னாலை ஒளிச்சுது. அண்ணைக்கு முகம் கறுத்துப்போச்சு.

"சரி, கட்டிக் கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வெட்டுவம்" எண்டார்.

"ஞாயிறு வரைக்கும் உந்தக் குட்டி என்னத்தைக் குடிக்கும்? இஞ்சாருங்கோ, எங்கடை பிள்ளை ஸ்ரெல்லாவும் இன்னும் பால்தான் குடிக்கிறாள்."

மறுமொழிக்கு நிக்கேல்லை, முடிச்சை அவவே அவிழ்த்தா. தாய் ஒரு துள்ளிலை மச்சாளை விழுத்திப்போட்டுக் குட்டியோடை போயிட்டுது. தண்ணிக்கை இருந்துகொண்டு மச்சாள் சிரிச்ச சிரிப்பு! எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

அண்ணை பாஸ்கு வரைக்கும் அவவோடை கதைக்கேல்லை. பிடிச்சதைப் பெண்சாதி அவிழ்த்துவிட்டாள் எண்டு கரையிலை பகிடி பண்ணினால் ஆருக்குத்தான் ரோசம் வராது?

பாஸ்கு முடிஞ்சு ஒரு செவ்வாய்க்கிழமை, திரும்பவும் அவரின்ரை வலையிலை ஒண்டு பட்டுது. சுத்தபோசனமும் இல்லை, மச்சாளும் கோப்பாயிலை. தடுக்க ஆருமில்லை. கத்தியை எடுத்த அண்ணை அங்கை இஞ்சை பாத்திட்டு, நான் தள்ளி நிண்டதைக் காணாமல், செட்டைக்குக் கீழை கையை விட்டார். கை வெள்ளையாய் வந்துது. பிறகு அந்தக் கத்தியாலை வலையை அறுத்து அதை விட்டிட்டார். புது வலை!

என்னைக் கண்டவுடனை, "அவளுக்குச் சொல்லிப்போடாதை" எண்டார்.

"ஓம் அண்ணை" எண்டன். சொல்லாமல் இருப்பனோ? மச்சாள் கடகத்தை இறக்க முந்தியே சொல்லிப்போட்டன். அந்த வாய்க்காரி ஒரு வார்த்தை கதைக்கேல்லை. அறுந்த வலையை மடியிலை போட்டு, அழுதழுது ஓட்டையைப் பொத்தத் தொடங்கினா.