கோழிக்கடை வாசலில் கொத்திய கொத்து

தேனியில் குப்பைமேட்டை வெட்டி எறிந்து தள்ளுவண்டி நிறுத்தியவன் நான். வண்டியைத் தகரக் கொட்டகை ஆக்கினேன். கொட்டகையைக் காற்று கொண்டுபோனது, ஓட்டுக்கடை போட்டேன். ஓட்டுக்கடை தீயில் போனது, மாடி வைத்துக் கட்டினேன். மார்க்கையன்கோட்டையில் தோப்பு, மகள்களுக்குக் கல்யாணம், எல்லாம் பரோட்டாக் கல்லில் சம்பாதித்தவை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் செய்தான் இதை. இன்னொருத்தனைக் காட்டுங்கள் பார்ப்போம்.

அந்த மாடிக்கடைக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தது, பொரித்த கோழி விற்கும் வெளியூர்க் கோழிக்கடை. ஊருக்கு ஊர் கிளை வைத்திருப்பவர்கள். கண்ணாடிக் கதவு, குளுகுளு அறை, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். எங்கள் தெருவில் வரிசையாகப் பரோட்டாக் கடைகள்தான். சாயங்காலக் கூட்டம் அப்படியே எதிர்ப்பக்கம் சாய்ந்தது. பிசைந்த மாவைக் குப்பையில் கொட்டினோம். இரண்டு கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டன. அடுத்தது என் கடைதான்.

கடைக்காரர் சங்கத் தலைவர், தெருமுனையில் கடை வைத்திருக்கும் ஏலக்காய் வியாபாரி. கூட்டம் போட்டு, "மனுக் கொடுப்போம்ணே, அதிகாரிக பாத்துக்கிருவாக" என்றார்.

"எழுதத் தெரிஞ்சவக எழுதுங்க. எனக்குக் கொத்தத்தான் தெரியும். அவனவன் கல்லைத் தூக்கிட்டு வாங்கடா, அவன் வாசல்ல வச்சுக் கொத்துவோம்" என்றேன். யோசனை என்னுடையது. அதை யாரும் மறுக்க முடியாது.

மறுநாள் சாயங்காலம் ஒவ்வொரு கடையில் இருந்தும் இரும்புக்கல் வந்தது. பரோட்டா இல்லை, முட்டை இல்லை, வெறுங்கல்லில் ஆளுக்கு இரண்டு கொத்துத் தகடு வைத்துக் கொத்தினோம். ஒரு கடைக் கொத்தே தெருமுனைவரை கேட்கும். எல்லாக் கல்லும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? உள்ளே தின்றுகொண்டிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

டை கட்டிய மேனேஜர் வந்தான். "பெரியவரே, இது நியாயமா?"

"உள்ள நீங்க பாட்டுப் போடுறீகள்ல தம்பி? வெளிய இது எங்க பாட்டு. டிக்கெட் கிடையாது, நின்னு கேளுங்க!"

தெருவே சிரித்தது. ஆனால் அன்று ஒரு தப்பு நடந்தது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவனும் செய்ய மாட்டான் அந்தத் தப்பை. என் கடைப் பரோட்டா மாஸ்டர் அடுப்பையும் கொண்டுவந்து பற்றவைத்து, கல்லில் எண்ணெயும் ஊற்றிவிட்டார். "ஏலே, சண்டைக்கு எதுக்குடா எண்ணெய்?" என்றேன். "காய்ஞ்ச கல்லுல கொத்துனா கை வரமாட்டேங்குதுண்ணே" என்றார்.

அந்த நேரம் பார்த்து வேனில் இருந்து குதித்தார்கள், கோழிக்கடைக்குக் காவல் என்று வந்த தடியர்கள். முதலில் வந்தவன் மாஸ்டரின் அடுப்பை எட்டி உதைத்தான். கொதிக்கிற கல் சரிந்து மாஸ்டரின் பாதத்தில் விழுந்தது. எண்ணெய் முழங்கால்வரை தெறித்தது. "ஆத்தா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கொத்து நின்றது. தோல் வெந்த வாடை எனக்கே வந்தது.

கையில் இருந்த தகட்டால் உதைத்தவனின் மணிக்கட்டில் இறக்கினேன். எலும்பு முறிந்தது கைக்குத் தெரிந்தது. இன்னொருவன் உருட்டுக்கட்டையால் என் நெற்றியைப் பிளந்தான். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. துடைத்துக்கொண்டு அவனைச் சட்டையோடு பிடித்துக் கண்ணாடிக் கதவில் மோதினேன். கதவு நொறுங்கி அவன் முதுகோடு உள்ளே போனான். அதன்பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று தெரியாது. கரண்டி, செங்கல், சோடாப் பாட்டில், கையில் கிடைத்ததெல்லாம் பறந்தது.

தலைவர் எங்கே? தன் கடைக்குள். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே அவர் வேட்டி நுனி தெரிந்தது.

போலீஸ் என்னைத்தான் அள்ளிக்கொண்டு போனது. லத்தி என் தொடையில்தான் விழுந்தது. கோழிக்கடைக்கு வாடகைக்கு விட்டிருந்த கட்டிடத்துக்காரர் பயந்துபோய்க் காலி செய்யச் சொல்லிவிட்டார். நான் ஜாமீனில் வந்தபோது அவர்களுடைய சிவப்புப் பெயர்ப்பலகையை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தெருவில் கடைகள் பிழைத்தன. என் கடையும் பிழைத்தது. மாஸ்டரின் கால் பிழைக்கவில்லை. இன்றைக்கும் அவர் அடுப்படியில் நிற்க முடியாமல் உட்கார்ந்துதான் மாவு பிசைகிறார்.

இப்போது சங்கத்துக்குப் புதுக் கட்டிடம் வந்திருக்கிறது. சுவரில், தலைவர் அறவழியில் போராடி வெளியூர்க் கடையை அகற்றினார் என்று பளிங்கில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எது அறவழி? என் நெற்றித் தழும்பா, மாஸ்டரின் வெந்த காலா? அந்தப் பளிங்கைப் பெயர்த்து எடுங்கள். என் பேரை முதலில் வெட்டுங்கள், அதற்கடுத்து மாஸ்டர் பேர். தலைவர் பேருக்கு இடம் மிஞ்சினால் அடியில் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.