எமன் கை வைத்த சுவர்

இராஜமாணிக்கம் அண்ணனுக்கு வயது எழுபத்தொன்று. போர்டிக்சனில் ஒரு ஓட்டல் வாசலில் ஜாகா வேலை, காவல். முன்பு லுக்குட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். திருவிழா வந்தால் தோட்டத்து நாடகக் கொட்டகையில் எமன் வேஷம் கட்டுவார். பதினோரு வருடம் எமன் என்றால் அவர்தான்.

அந்த வேஷத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நாடகம் முடிந்ததும் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்து, கரி படிந்த கையை ஒப்பனை அறைச் சுவரில் அழுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எமனை அங்கேயே விட்டுவிட்டுப் போவதாகக் கணக்கு. சுவர் முழுக்க அவர் கை.

நாற்பது வருடத்துக்கு முன் நாடகத்தின் பாதியில் ஆள் வந்து சொன்னது: மூன்று வயது மகள் மாதவிக்கு ஜுரம், இழுக்கிறது. மனுஷன் வேஷத்தோடு லயத்து வீட்டுக்கு ஓடினார். வாசலில் அந்த முகத்தைப் பார்த்துப் பிள்ளை வீறிட்டது. விடிவதற்குள் போய்விட்டது. மூளைக் காய்ச்சல், எப்படியும் பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னது அண்ணன் காதில் ஏறவில்லை. அதன் பிறகு அவர் வேஷம் கட்டவில்லை. அவர் மனைவி தனலெட்சுமி அக்கா, யார் வாசலில் வந்து நின்றாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார். முகத்தைப் பார்க்க நேரமாகும்.

சென்ற வருடம் கொட்டகையைப் புதுப்பித்தார்கள். பெயிண்ட் வேலை எனக்கு. ஒப்பனை அறைக்குக் கழுவித் துடைக்கிற எண்ணெய்ப் பெயிண்ட் என்று குழுச் செயலாளர் யோகேந்திரன் சொன்னார். அடித்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

திறப்பு விழா நாடகத்துக்கு எமன் வேஷம் வேண்டும் என்று அண்ணன் தானாக வந்து கேட்டார். என்னிடம் மட்டும் காரணம் சொன்னார்.

"அன்னைக்குக் கொண்டு போனவன இன்னும் எறக்கி வைக்கல தம்பி. ஒரு தடவ அந்தச் செவத்துல கை வெச்சிட்டா போதும்லா."

பெயிண்ட் அடித்ததை நான் சொல்லவில்லை. சுவர் அதே சுவர்தானே என்று இருந்துவிட்டேன்.

ஞாயிறு நாலு மணிக்கு நாடகம். அண்ணன் மேடையேறியதும் முன்வரிசையில் ஒரு சின்னப்பெண் அம்மா மடியில் முகம் புதைத்தாள். அவர் பார்த்துவிட்டார்.

முடிந்து உள்ளே வந்தார். முகத்தைத் துடைத்து, கையைச் சுவரில் அழுத்தினார். எடுத்ததும் கரி வழுக்கிக் கோடு கோடாகத் தரைக்கு இறங்கியது. மறுபடி அழுத்தினார். மறுபடியும். கை அச்சு நிற்கவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பெயிண்ட் நாந்தாண்ணே அடிச்சேன்" என்றேன். ஏசியிருந்தால் தேவலை.

கதவோரம் அக்கா நின்றிருந்தார். நாற்பது வருடமாகக் கொட்டகைப் பக்கம் வராதவர். முதலில் அண்ணன் காலைப் பார்த்தார். பிறகு முகத்தை.

"விடுங்க. செவரு வாங்கலன்னா போவுது. இத்தன வருசமா நம்ம வீட்டுலதான படுத்துக் கெடக்கான். இனிமே எங்க போவான்? வாங்க."

அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். காதோரம் கரி இருந்தது. அக்கா பின்னால் ஏறி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் சுவரைத் துடைத்தேன். ஒரே துணியில் போய்விட்டது. ஆனால் பெயிண்டுக்கு உள்ளேயிருந்து பழைய கைகள் மங்கலாகக் கிளம்பியிருந்தன. எண்ணெய்க் கறை அப்படித்தான். அதன்மேல் மூன்று கோட் அடித்தும் வாரத்துக்கு வாரம் கறுக்கிறது. அத்தனையும் அண்ணன் கைதான். பிள்ளை போன அன்றைய கை மட்டும் அதில் இல்லை.