தூண் வழியாக வந்த பேஸ் கிடார்

கல்யாணமாகி தாராவிக்கு வந்தபோது எனக்கு ஒரு சினிமாப் பாட்டுகூடத் தெரியாது. வாப்பா வீட்டில் ரேடியோ உண்டு. ஆனால் செய்திக்கு மட்டும்தான் அது வாய் திறக்கலாம். செய்தி முடியும்போதே வாப்பாவின் கை திருகின் மேல் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை பகலில் தோல் பை தைக்கிறவர், மீதி நேரமெல்லாம் பேஸ் கிடார் வாசிக்கிறவர். நிக்காஹ் பேச வந்த பெரியவர்கள் முதல் பாதியை மட்டும் சொன்னார்கள்.

எங்களுக்கு ஒரே அறை. அதற்குள்ளேயே பலகை அடித்து ஒரு மேல்தட்டு. பம்பாய்ப் பேச்சில் அதை மாளா என்பார்கள். கீழே நானும் ஸ்டவ்வும் தண்ணீர் டிரம்மும். மேலே தோல் சுருள்களும் அவரும் கிடாரும். அந்தக் கிடாருக்கு அவர் தைத்திருந்த உறையைப் பார்க்க வேண்டும். பட்டறையில் மிஞ்சிய துண்டுத் தோல்களை ஒட்டுப்போட்டுத் தைத்தது. கறுப்பு, காவி, சிவப்பு என்று எல்லா நிறமும் அதில் இருக்கும். எனக்கு ஒரு கைப்பை தைத்துத் தரச் சொன்னால் மட்டும் ஆர்டர் முடியட்டும் என்பார்.

அவர் ஒரு தமிழ் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தார். ஆம்ப்ளிஃபையர் அவர்கள் ஒத்திகை பார்க்கும் சுனாபட்டி அறையில்தான் இருந்தது. ஆம்ப்ளிஃபையர் இல்லாத பேஸ் கிடார் கிட்டத்தட்ட ஊமை. அதனால் அக்கம்பக்கத்தில் யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்த புதிதில் ஒருநாள் ஏணியில் ஏறிப் பார்த்தேன். கிடாரின் உடம்பில் கொம்பு மாதிரி நீண்டிருக்கும் மேல்முனையில் தாடையை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம், பல்வலி போல என்று கீழே வந்து கிராம்பு எடுத்துப் போய் நீட்டினேன்.

"இது எதுக்குளா?"

"பல்லுக்கு."

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. தாடை எலும்பு வழியாகத்தான் அவர் தன் வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். கிராம்பையும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

கிடாரின் தலைப்பக்கம் நீளம். மாளாவோ குறுகல். அதனால் அந்தத் தலையை, மாளாவைத் தாங்கும் மரத்தூணில் சாய்த்து வைத்துக்கொள்வார். அந்தத் தூண் பலகையைத் தாண்டிக் கீழே வந்து என் அடுப்படியில்தான் ஊன்றியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் அதில் முதுகைச் சாய்த்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முதுகில் ஏதோ பேசியது. நிமிர்ந்தால் ஒன்றுமில்லை. சாய்ந்தால் மறுபடி வந்தது. தும், தும்தும், கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு, தும். காதை வைத்துப் பார்த்தேன். இவர்தான்!

அன்றிலிருந்து எனக்கு உட்காரும் இடம் அந்தத் தூண்தான். அரிசி பொறுக்குவது, கீரை ஆய்வது, சட்டைக்குப் பித்தான் தைப்பது எல்லாம் அங்கேதான். அப்படித்தான் பாட்டெல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது. ஊரெல்லாம் மெட்டைக் கேட்டுப் பாட்டைத் தெரிந்துகொள்ளும். எனக்கோ அஸ்திவாரம் மட்டும் தெரியும். வேலை செய்துகொண்டே அந்த தும்தும்மை முனகுவேன். ஒருநாள் பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரில் ஒரு பாட்டு வந்தது. "நீ நாள் பூரா முனகுதியே, அந்தப் பாட்டுதான் இது" என்றார் இவர். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்தச் சின்னப் பெட்டியில் பேஸ் சத்தமே கேட்காது, பிறகு எனக்கு எப்படி அடையாளம் தெரியும்? அவருடைய கச்சேரிக்கு முதல்முறை போய் வந்தபோதும் நான் சொன்னது இதுதான்: "எல்லாம் நல்லாத்தான் இருந்துது மச்சான். ஆனா மேல ஒரு ஆளு கத்திக்கிட்டே இருந்தாரே, அவரு எதுக்கு?"

"பாடகர் இல்லாம என்னளா பாட்டு?" என்று கேட்டார். ஆனாலும் அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

சோறு போடும்போது சரித்திரப் பாடம் நடக்கும். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய இங்கிலீஷ் சங்கீதப் பத்திரிகைகள் வாங்கி வருவார். பாதி படிப்பார், மீதியைத் தானே சேர்த்துக்கொள்வார் என்பது என் சந்தேகம். முன்காலத்தில் பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிறுத்தி வைத்து வாசிக்கிற பெரிய வயலினாம். பம்பாய் சினிமா ஸ்டூடியோக்களில் வாசித்த கோவாக்காரர் ஒருவர் அதை லோக்கல் ரயிலில் மீன்கூடைக்காரிகள் ஏறும் லக்கேஜ் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனதை இவரே பார்த்திருக்கிறார். தூக்க முடியவில்லை, மற்ற வாத்தியச் சத்தத்தில் கேட்கவும் இல்லை என்றுதான் அமெரிக்காவில் அதைச் சுருக்கிக் கிடாராக்கி மின்சாரம் கொடுத்தார்களாம். அங்கே ஒருவர் வலது கையில் ஒரே விரலால் வாசித்தாராம். மற்றவர்கள் இரண்டு விரலை மாற்றி மாற்றிப் போடும்போது, அவர் ஒற்றை விரலால் ஒரு நகரத்தையே ஆட வைத்தாராம். இங்கிலாந்தில் ஒருவர், தன் பாட்டுக் குழுவில் வேறு யாரும் தொடவில்லையே என்று இதை எடுத்தவராம்.

"இவங்களுக்கெல்லாம் பேரு இல்லையா?" என்று கேட்டேன்.

"கேசட் அட்டையில பாடுனவங்க பேருதான் போடுவான். பேஸ் வாசிச்சவன் பேர எவன் போட்டான்?"

எனக்குக் கோபமாக வந்தது. சோறு குழைந்தால் மட்டும் யார் சமைத்தது என்று கேட்கிறார்களே, அந்தக் கோபம்.

மெட்ராஸ் பாட்டுகளில் அப்போது பேஸ் கிடார் தனியாகவே கதை பேச ஆரம்பித்திருந்தது. அதையெல்லாம் ஒரு சுரம் விடாமல் பிடிப்பார். அவருக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்றுதான். கப்பலில் வேலை பார்த்த சொந்தக்காரர் ஒருவர் கரீபியன் தீவுப் பாட்டு என்று ஒரு கேசட் கொடுத்திருந்தார். அதில் பேஸ்காரர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, வர வேண்டிய இடத்தில் வராமல் நிற்பார். "எப்படித்தான் சும்மா இருக்கானுவளோ!" என்று தலையில் அடித்துக்கொள்வார் இவர். இவரால் சும்மா இருக்க முடியாது. கிடைத்த சந்தில் எல்லாம் நாலு சுரத்தை நுழைத்துவிடுவார். ஆர்க்கெஸ்ட்ரா மாஸ்டர் ஒத்திகையில் கத்துவாராம்: "பாடுறவர் மூச்சு விடறதுக்காவது எடம் குடுய்யா!"

நான் முனகுவதில் இவருக்கு ஒரு குறை இருந்தது. அங்கங்கே விட்டுவிடுகிறேனாம். "அந்த எடத்துல ஓடுற நோட்டு இருக்குளா" என்பார். "எனக்கு வரல" என்பேன். தடித்த கம்பியின் சத்தம்தான் தூணில் இறங்கியது. மெல்லிய கம்பிகளில் மேலே அவர் ஓடியதெல்லாம் பலகையோடு நின்றுவிட்டது. இது எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது.

பொங்கலுக்குச் செம்பூரில் பெரிய கச்சேரி என்று பேசியிருந்த வருஷம்தான் அது நடந்தது. பட்டறையில் தையல் மிஷின் ஊசி அவருடைய வலது கை நடுவிரல் மூட்டில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஆறிவிடும், ஆனால் பழையபடி மடங்காது என்றார்கள். தோல் பிடிக்க மற்ற விரல்கள் போதும். கிடாருக்குப் போதாது. கம்பியின் மேல் இரண்டு விரலும் மாறி மாறி நடந்தால்தான் அவருக்கு வாசிப்பு.

மாஸ்டர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷன்தான். டீ குடித்தார், விரலைப் பார்த்து உச்சுக் கொட்டினார். புதிதாக வந்த கீபோர்டில் பேஸ் சத்தமும் இருக்கிறது, அந்தப் பையன் இடது கையாலேயே சமாளித்துக்கொள்வான், செம்பூருக்கு இவர் வர வேண்டியதில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் ஒட்டுத்தோல் உறையில் கிடாரைப் போட்டு ஜிப்பை இழுத்தார். மாளாவின் மூலையில், தோல் சுருள்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

அதற்குப் பிறகு தூணில் சாய்ந்தால் வெறும் மரம். முதல் சில நாள் நானும் வீம்பாக முனகிப் பார்த்தேன். ஒருநாள் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது அழுகை வந்துவிட்டது. இந்த ஊரில் எனக்கென்று பேச ஆள் இல்லாத நாளில் என் முதுகோடு பேசியது அந்தச் சத்தம்தான். அது நின்றதும் எனக்கே ஏதோ பறிபோனது போல இருந்தது. அவருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்தால் அழுகை இன்னும் கூடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் நானே மாளாவில் ஏறி உறையை இழுத்தேன்.

"அத எதுக்குத் தொடுத?"

"உங்க அமெரிக்காக்காரர் ஒத்த வெரல்லதான வாசிச்சாரு? நீங்கதான சொன்னீய?"

"அவரு மேதைளா. நான் பை தைக்கிறவன்."

"அவருக்கு ஒரு வெரல்தான். உங்களுக்கு ஆள்காட்டி வெரலு இருக்கு, அது சொணங்குனா என் வெரலும் இருக்கு. வாங்க."

சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய வலது கையில் இன்னும் கட்டு இருந்தது. இருவர் மடியிலும் கிடாரைக் குறுக்கே வைத்துக்கொண்டு, கிடாரின் கழுத்தில் அவருடைய இடது கை, அதன் உடம்புப் பக்கம் என்னுடைய வலது கை. அவர் அழுத்துவார், நான் தட்டுவேன். எப்போது தட்ட வேண்டும் என்று தலையசைத்துக் காட்டுவதாகச் சொன்னார். வேண்டாம், எனக்குத் தெரியும் என்றேன். மாளாவுக்கும் மேலே கூரை வரை போகும் அந்தத் தூணில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கம்பி இவ்வளவு தடியாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. விரல் எரிந்தது. ஆனாலும் வந்தது. எனக்கு முதுகால் தெரிந்த பாட்டு என் விரலில் வந்தது.

நடுவில் அவர் கையை எடுத்துவிட்டார். "ஏன் நிறுத்திட்ட? நான் மேல ஓடுதேன், நீ சும்மா இருக்க."

"அந்த எடத்துல ஒண்ணும் இல்லையே மச்சான்."

"இருக்குளா. நாலு நோட்டு இருக்கு."

"கீழ வந்ததே இல்ல. நீங்க இப்படித்தான் வாசிப்பீய. தும், தும்தும், அப்பறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல, அப்பறம் தும்."

கிடாரின் கழுத்தில் மறுபடி கை வைத்தார். பிறகு, "திரும்பத் தட்டு" என்றார். தட்டினேன். இந்த முறை அவருடைய இடது கையும் ஓடவில்லை. நான் விட்ட இடத்தில் அதுவும் நின்றது. அந்த நிற்கிற நேரத்தில் கீழே டீக்குப் பற்றவைத்த ஸ்டவ் எரிகிற சத்தம் கேட்டது, தெருவில் யாரோ யாரையோ ஹிந்தியில் திட்டுவது கேட்டது. பிறகு அடுத்த தும் வந்து விழுந்ததும் எனக்கே சிலிர்த்தது.

"தீவுக்காரனுவ இப்படித்தாம்ளா வாசிக்கானுவ" என்றார் மெதுவாக. அவர் கண் கலங்கியிருந்தது. என் விரலை எடுத்துப் பார்த்தார். கொப்புளம் வந்திருந்தது. ஊதிவிட்டார்.

கட்டுப் பிரித்த பிறகு என் விரல் தேவைப்படவில்லை. ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்துக்கொண்டு, நான் விட்ட இடங்களையெல்லாம் தானும் விட்டு வாசித்தார். ஓடுவதற்கு விரல் இல்லை; ஓட வேண்டிய அவசியமும் இல்லை. சுனாபட்டி ஒத்திகைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்று சொன்னார், மாஸ்டர் கீபோர்டுப் பையனுடைய இடது கையை மடக்கி வைக்கச் சொல்லிவிட்டாராம். இப்போதுதான் பாட்டு மூச்சு விடுகிறது, யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீய?"

"வீட்டுலன்னு சொன்னேன். எவரோ உஸ்தாத் வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுக்காருன்னு நெனச்சுக்கிட்டாரு."

"அப்ப உஸ்தாதுக்கு ஒரு கைப்பை தச்சுக் குடுங்க" என்றேன்.

தைத்துக் கொடுத்தார். அந்தக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டுதான் செம்பூர் கச்சேரிக்குப் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த ஒரு மாமி, பட்டுப்புடவை, நிறையப் பூ. முக்காடு போட்ட என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆவல் தாங்க முடியாமல் பேச்சுக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் மேடையில் வாசிக்கிறார் என்று சொன்னதும் மாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"அந்தக் கோடியில நிக்கறாரே, அவரா? தப்பா நெனச்சுக்காதேள், அத்தனை வாத்தியம் கேக்கறது, அவர் வாசிக்கறது மட்டும் எதுன்னு எனக்குப் புரியலையே. எப்போ வர்றதுன்னு சொல்லுங்கோளேன்."

"வர்றப்போ தெரியாது மாமி. கொஞ்சம் பொறுங்க."

மேடையில் இவர் கண்ணை மூடியிருந்தார். ஆம்ப்ளிஃபையர் இருந்தும் பழக்கத்தில் தாடை கிடாரின் கொம்புக்குப் போய்விட்டிருந்தது. மடியில் கைப்பையின் மேல் என் ஆள்காட்டி விரல் அவரோடு தட்டிக்கொண்டே வந்தது. தும், தும்தும். இரண்டு பேரும் ஒன்றாக நிறுத்தினோம்.

மாமி என் கையைப் பிடித்தார். "அய்யய்யோ, என்னமோ காணாமப் போயிடுத்தே!"

"அதுதான் அவரு" என்றேன்.