பலூன் வேண்டாம் என்றவர்

2005 வாக்கில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பள்ளியில், பிள்ளைகளின் விளையாட்டு விழாவுக்கு உதவியாகப் போயிருந்தேன். நடத்தியவர் விளையாட்டு வாத்தியார். சாயம் போன தொப்பி, கட்டிப்போன தொண்டை. ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் கிழக்கே வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் விசில் ஊதுவார். மழைக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

நான் வாங்கிப்போன பலூன்களைக் கண்டதும், "இது வேணாம் சார், உள்ள வச்சிருங்க" என்றார். எனக்குக் கோபம். பிள்ளைகளுக்கு இதுகூடவா கூடாது? அவர் கபடிக்குக் கோடு போடப் போன நேரத்தில் பலூன் உடைக்கும் போட்டியைத் தொடங்கிவிட்டேன்.

முதல் பலூன் வெடித்தது. அத்தனை பிள்ளைகளும் அப்படியே நின்று கிழக்கே திரும்பினார்கள். அவர்களுடைய அம்மாக்கள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி அங்கேதான் இருந்தது. ஒரு சிறுமி செருப்பைக்கூட மாட்டாமல் கேட்டை நோக்கி ஓடினாள்.

அவர் ஓடிவந்து அவளைப் பிடித்தார். "பலூன்தாம்மா. அங்கன பாரு, புகை இருக்கா?"

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க என்னத்தக் கண்டீக" என்றார் அலுப்போடு. "நானும்ல திரும்பிப் பாத்தேன்."

அடுத்த ஓட்டத்துக்கு விசிலை வாயில் வைத்தபடி வெகுநேரம் கிழக்கே பார்த்து நின்றார். நான் மீதிப் பலூன்களை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தேன்.