கள்ளப் பெட்டி

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சித்தூரிலிருந்து போன் வந்தது. சிங்காரவேலு அண்ணன் காலமாகிவிட்டார் என்று அவர் மகள் சொன்னாள். "ஐயோ" என்றேன். அடுத்த நொடியே, பெட்டி இனி யாருக்கு என்று மனம் கேட்டது. அவரைத் தெரிந்த நீங்கள் என்னைத் திட்டலாம். அவராக இருந்தால் சிரித்திருப்பார்.

அவர் வீட்டுக்குப் போன எல்லோருக்கும் அந்தப் பெட்டியைத் தெரியும். மேசைமேல் வைத்துப் பார்க்கும் பழைய ஸ்டீரியோஸ்கோப். தேக்கு உடம்பு, முன்னால் இரண்டு லென்ஸ், பக்கத்தில் பித்தளைத் திருகு. திருகினால் கண்ணாடித் தகடுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறி வரும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரே காட்சி, வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று. இரண்டு கண்ணாலும் பார்த்தால் தட்டைப் படம் எழுந்து நிற்கும். கையை நீட்டித் தொடலாம் போலிருக்கும்.

அது எனக்கு வந்திருக்க வேண்டிய பெட்டி. கார்வேட்டிநகரத்தில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் புத்தூரிலிருந்து கிளம்பினேன், அவர் சித்தூரிலிருந்து. என் பஸ் வழியில் டயர் பஞ்சராகி நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அலமாரியின் அடித்தட்டில் துணியில் சுற்றிக் கிடந்த கண்ணாடித் தகடுகள்தான் எனக்கு மிஞ்சின. "மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிக்கினு கீற தம்பி? பொட்டி எங்க வூட்ல இருந்தா இன்னா, உங்க வூட்ல இருந்தா இன்னா?" என்றார். கிடைத்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

பெட்டி இல்லாமல் என் தகடுகள் வெறும் கண்ணாடி. ஆகவே ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குப் போனேன். பிடிவாதமாக ஒரு தடவைக்கு ஒரு தகடுதான் கொண்டுபோவேன். அவர் மாங்கூழ் ஆலையில் மெக்கானிக்காக இருந்தவர். பெட்டியின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, லென்ஸைத் துடைத்து, பொண்ணு பார்க்க வரப்போவதுபோல அதை அலங்கரித்து வைத்திருப்பார். அதைப் பார்க்கும்போதே எனக்கு வயிறு எரியும்.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் தன் விருந்தாளிகளை அழைத்துவந்து, "இதி கள்ள பெட்டெ, சூடண்டி" என்பார். தெலுங்கில் அது கண்களின் பெட்டி. என் காதுக்கு அது தமிழில் கேட்டது. பொறாமைக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்? "பாத்தீங்களா அண்ணே, உங்களுது கள்ளப் பெட்டியாம்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்து, "ரெண்டு பாஷையிலயும் கரெக்ட்டுதான் தம்பி" என்றார்.

அவரிடம் ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்காது. முதலில் தான் குனிந்து பார்த்து "அடடா" என்பார். பிறகு என்னை உட்கார வைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்பார். "எது முன்னாடி கீது, எது பின்னாடி கீது? அந்தத் தூணு எவ்ளோ கிட்ட வருது? மூக்க இடிக்குதா? சும்மா பாத்துக்கினே இருந்தா எப்டி, வாயத் தொறந்து சொல்லு." சொந்தக்காரர் வாடகைக்காரனைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அவரை மிஞ்ச வேண்டுமென்றே நுணுக்கி நுணுக்கிச் சொல்வேன். கோயில் குளப் படம் ஒன்றில், படியில் நிற்கும் பெண்ணின் இடுப்புக் குடம் நம் பக்கம் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருப்பதாக நான் சொன்னபோது, "ஒரு சாணா!" என்று மறுபடியும் பெட்டிமேல் குனிந்தார்.

கருமாதிக்குப் போனேன். பெட்டியைத் துணியில் கட்டி வைத்திருந்தார்கள். திருப்பதியிலுள்ள மகள் வீட்டுக்குப் போகிறதாம். என் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணி முடிச்சை அவிழ்த்தார்.

"ஒரு தடவ பாத்துட்டுக் குடு தம்பி. உங்க அண்ணன்தான் பாக்காமலே பூட்டாரு."

"தினம் பார்த்தாரே, அண்ணி?"

"எங்க பாத்தாரு? சின்ன வயசுல கில்லி பட்டு எடது கண்ணு பூடுச்சி. வெளிய பாத்தா தெரியாது. கண்ணாடி போட்டாலும் வராதுன்னுட்டாங்க. இந்தப் பொட்டிலயாவது தெரியும்னு நெனச்சி ஓடிப்போய் வாங்கிக்கினு வந்தாரு. தெரியல. அப்பறம் நீ சொல்லச் சொல்லத்தான் அவரு பாத்தாரு. நீ கெளம்பினதும், 'அவனுக்கு இன்னா கண்ணுடி!'ன்னு வயிறெரிஞ்சிக்கினே சோறு துன்னுவாரு."

பெட்டிக்குள்ளேயே இருந்த குளப் படத்தை ஏற்றி, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். பெண், குடம், தூண், தண்ணீர் எல்லாம் ஒரே சுவரில் ஒட்டிய காகிதமாக இருந்தன. இதைப் பார்த்தா அத்தனை வருஷம் "அடடா" என்றார்? கள்ளம் பெட்டியில் இல்லை.

"எது முன்னாடி கீது தம்பி?" என்று பின்னாலிருந்து அண்ணி கேட்டார்.

இரண்டு கண்ணையும் திறந்தேன். "குடம், அண்ணி. ஒரு சாண் முன்னாடி" என்றேன்.

பெட்டி திருப்பதிக்குப் போய்விட்டது. என் தகடுகளையும் அதோடு அனுப்பிவிட்டேன். இப்போது எதைப் பார்த்தாலும், பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எது முன்னால் எது பின்னால் என்று வாய்விட்டுச் சொல்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். நான் அவர் பெட்டிக்குப் பொறாமைப்பட்டேன். அவர் என் கண்ணுக்குப் பொறாமைப்பட்டிருக்கிறார். வயிறு எரிந்துகொண்டே, வாசலுக்கு வந்து என்னைச் சிரித்து வரவேற்றிருக்கிறார். அது எனக்கு ஒருநாளும் வரவில்லை. அங்கேயும் முந்தின பஸ்ஸில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான்.